சாமுக்காக ஒரு ஜெபக்குறிப்பு

எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியம் ஆண்டு விழா மலருக்கு ஒரு பக்கம் சாட்சி எழுதித் தரும்படி என்னைக் கேட்டது. சாட்சி என்றால் எங்களுக்குள் ஒரு வடிவம் உண்டு. முதலில் நோய் வரவேண்டும். பிறகு டாக்டர்கள் கைவிரிக்கவேண்டும். பிறகு சபை முழங்காலில் நிற்கவேண்டும். கடைசியில் ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரே திகைத்துப்போகவேண்டும். என் டாக்டர் இதுவரை எதற்கும் திகைத்ததில்லை. அதனால் இது மலருக்கு ஆகாது. ஆனாலும் எழுதுகிறேன். வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், இடது கையை அசைக்காமல் நாற்காலியில் கிடக்கிறவளுக்கு வலது கை சும்மாதான் இருக்கிறது.

என் பெயர் எஸ்தர். வயது ஐம்பத்தாறு. சிங்கப்பூரில், பிடோக் வட்டாரத்தில் ஒரு பள்ளி அலுவலகத்தில் முப்பது வருடம் எழுத்தராக இருந்தேன். பெற்றோருக்குப் போகும் அறிவிப்புகளை எழுதுவது என் வேலை. என் அறிவிப்பைப் படித்துவிட்டு, இதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் போன் செய்ததில்லை. சபையிலும் அதே வேலைதான் என்னிடம் வந்து சேர்ந்தது. கமிட்டியின் கடிதங்களை நான் எழுதுவேன். ஜெபக்குறிப்புகளையும் நான்தான் எழுதுவேன். யாருக்காக, எதற்காக ஜெபிக்கவேண்டும் என்று இரண்டு வரியில் சொல்வதுதான் ஜெபக்குறிப்பு. முன்பு தாளில் போனது, இப்போது வாட்ஸ்அப் குழுவில் போகிறது.

வியாழக்கிழமைகளில் என் வீட்டுக் கூடத்தில் பெண்களுக்கு வேதபாடமும் நடத்தினேன். எனக்குப் பிடித்த பாடம் தேவனுடைய ராஜ்யம். அது செத்த பிறகு போகிற ஊர் இல்லை என்பேன். ராஜா சொன்னபடி ஒருவர் நடக்கிற இடமெல்லாம் ராஜ்யம்தான். உங்கள் அடுப்படியில், லிஃப்ட்டில், பஸ்ஸில் இடம் விட்டு எழுந்திருக்கிற அந்த ஒரு நிமிஷத்தில் அது வருகிறது என்பேன். நன்றாகவே சொல்வேன். வந்தவர்கள் நோட்டில் குறித்துக்கொண்டார்கள்.

சர்க்கரை எனக்கு இருபது வருடத் தோழி. வட்டார அரசு பாலிகிளினிக்கில் ஒவ்வொரு முறையும், கிட்னி கொஞ்சம் இறங்குகிறது, கவனம் என்று சொன்னார்கள். நானும் ஒவ்வொரு முறையும் தலையாட்டிவிட்டு வந்து இனிப்பு உருண்டையைக் கடித்தேன். போன வருடம் கால் வீங்கியது. செருப்பு போட முடியவில்லை. பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

அங்கே ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்தார்கள். நம் தசைகள் வேலை செய்யும்போது உண்டாகிற ஒரு கழிவு அது. நல்ல சிறுநீரகம் அதைச் சிறுநீரில் தள்ளிவிடும். ரத்தத்தில் அது ஏறிக்கொண்டே போனால் சிறுநீரகம் வேலையை விட்டுவிட்டது என்று பொருள். என்னுடையவை இரண்டும் சேர்ந்து ஒன்பது சதவீதம் வேலை செய்வதாக டாக்டர் சொன்னார். சின்ன வயதுச் சீனப் பெண். மருந்தில் திரும்பி வருமா என்று கேட்டேன். வராது என்றார். அவ்வளவுதான். என் கணவர் தேவராஜ் என் கைப்பையின் வாரைப் பிடித்து நீவிக்கொண்டே இருந்தார்.

பத்து நாளில் நுரையீரலில் தண்ணீர் கோத்துக்கொண்டது. மூச்சுக்கு அலைந்தபடி உள்ளே சேர்ந்தேன். கழுத்தில் ஒரு குழாய் வைத்து, ரத்தத்தை வெளியே எடுத்து, எந்திரத்தில் கழுவி, திரும்ப உள்ளே விட்டார்கள். இதுதான் டயாலிசிஸ். பிறகு இடது முன்கையில் ஒரு சின்ன அறுவை செய்து தமனியையும் சிரையையும் இணைத்தார்கள். தடித்த ஊசி ஏறுவதற்கு ரத்தக் குழாய் பருமனாகவேண்டுமாம். அதற்குப் பெயர் ஃபிஸ்டுலா. தொட்டால் உள்ளே விர்ரென்று ஓடும். காதில் வைத்துக் கேட்டால் தூரத்தில் பஸ் உறுமிக்கொண்டு நிற்கிற சத்தம். அந்த ஓட்டம் நின்றுபோனால் உடனே ஓடி வரச் சொன்னார்கள். பயம் என்றால் அதுதான் பயம். தூங்கப் போகுமுன் தொடுவேன், எழுந்ததும் தொடுவேன், ஜெபத்தின் நடுவிலும் தொடுவேன்.

ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று ஒரு சின்னப் போத்தலைக் காட்டினார்கள். வாழைப்பழம், இளநீர், உருளைக்கிழங்கு கிடையாது. அவற்றில் பொட்டாசியம் அதிகம், வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் தங்கினால் இதயத்தை நிறுத்திவிடும். தேவராஜ் காய்களை இரண்டு முறை வேகவைத்து இரண்டு முறையும் தண்ணீரைக் கொட்டினார். அந்தக் காயைத் தின்பதற்கு ஈரத்துணியைத் தின்னலாம். எலுமிச்சை ஒரு சொட்டு விட்டு ஐஸ்கட்டி செய்து, நாளுக்கு நான்கு என்று என் வாயில் போட்டார். என் எதிரே வாழைப்பழம் சாப்பிடுவதையும் விட்டார். ஒரு நாள் துணி துவைக்கப் போட்டபோது அவர் சட்டைப் பையில் வாழைப்பழத் தோல் இருந்தது. எங்கள் அடுக்குமாடி ப்ளாக்குக்குக் கீழே உட்கார்ந்து திருட்டுத்தனமாகத் தின்றிருக்கிறார். அன்றுதான் நான் முதலில் அழுதேன்.

மாற்றுச் சிறுநீரகத்துக்கு இறந்தவர்களிடமிருந்து கிடைக்கும் என்று பட்டியலில் காத்திருந்தால் பல வருடம் ஆகலாம். உயிரோடு இருப்பவர் கொடுத்தால் சீக்கிரம் முடியும், நீண்ட நாள் உழைக்கும். தேவராஜுக்கு இதயத்தில் இரண்டு ஸ்டென்ட். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. உடன்பிறந்தவர்கள் உண்டா என்று டாக்டர் கேட்டார். ஒரு தம்பி என்றேன். பேச்சுவார்த்தை உண்டா என்றார். சிங்கப்பூரில்தான் இருக்கிறான் என்றேன். தேவராஜ் தரையைப் பார்த்தார்.

சாம் என்னைவிடப் பத்து வயது இளையவன். அம்மா போனபோது அவனுக்குப் பதினொன்று. அதன்பின் அவன் பள்ளிச் சட்டையில் பேட்ஜ் தைத்தது முதல் தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பயிற்சிக்கு அனுப்பிவைத்தது வரை நான்தான். ஆறு வருடத்துக்கு முன் அவன் மாலதியைக் கல்யாணம் செய்துகொண்டான். லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலையை ஒட்டி, அவள் குடும்பத்துக்குப் பூமாலைக் கடை. கூரியர் வேலையை விட்டுவிட்டு அவனும் கடையில் உட்கார்ந்தான். மாலைகள் கோயிலுக்குப் போகிறவை. சாமிக்குப் போகிற மாலை கட்டுகிறவன் எங்கள் திருவிருந்தில், அதாவது அப்பமும் திராட்சை ரசமும் பகிர்கிற பந்தியில், கை நீட்டலாமா என்று கமிட்டி கூடியது. சொந்தக்காரர் விஷயம் என்றால் விலகிக்கொள்ளலாம் என்று விதி உண்டு. நான் விலகவில்லை. அக்காவே எழுதினால் பாரபட்சம் இல்லை என்று தெரியும் என நினைத்தேன். நான்கு வரிக் கடிதம். "அன்புள்ள சகோதரருக்கு" என்று ஆரம்பித்து, "மறு அறிவிப்பு வரும் வரை திருவிருந்தில் பங்கு பெற வேண்டாம்" என்று முடித்தேன். மறு அறிவிப்பு என்பது பள்ளியில் பழகிய வார்த்தை. அங்கேயும் அது வருவதேயில்லை.

கடிதம் கிடைத்ததும் போன் செய்தான்.

"நல்லா எழுதியிருக்க அக்கா," என்றான். வைத்துவிட்டான். அதோடு ஆறு வருடம்.

அவனிடம் நான் நேராகக் கேட்டிருக்கவேண்டும். எம்ஆர்டி ரயிலில் ஏறினால் முக்கால் மணி நேரம். ஆனால் எங்கள் கூட்டத்தில் கடினமான விஷயத்தை யாரும் நேராகச் சொல்வதில்லை. ஒருவர் குடிக்கிறார் என்று சொல்லமாட்டோம். அவருடைய விடுதலைக்காக ஜெபிப்போம் என்போம். ஒரு பெண் மாமியாரோடு சண்டை போட்டால், அந்த வீட்டின் சமாதானத்துக்காக ஜெபக்குறிப்பு வரும், மாமியாருக்கும் அது போய்ச் சேரும். கேட்டால் ஜெபிக்கத்தானே செய்தோம் என்போம். நானும் போதகரிடம் சொன்னேன். அவர், குழுவில் போடுங்கள் சிஸ்டர் என்றார். கழுத்துக் குழாயில் கிருமி தொற்றி அப்போது மறுபடி உள்ளே சேர்ந்திருந்தேன், ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தே எழுதினேன்:

"சகோதரி எஸ்தரின் சிறுநீரகத்துக்காக. தம்பி சாமின் கல்லான மனம் இளகி, ஒரு சிறுநீரகம் தர முன்வரும்படி. இவர் லிட்டில் இந்தியாவில் பூக்கடை நடத்துகிறார்."

கடைசி வாக்கியம் ஆண்டவருக்கு எதற்கு? அவருக்குத் தெரியாத கடையா? தெரிந்தேதான் எழுதினேன். எனக்கு நோய் என்பதே சாமுக்கு அப்போது தெரியாது.

முப்பத்தெட்டு ஆமென் வந்தது. சனிக்கிழமையே பெண்கள் ஐக்கியத்து ரோசலினும் இன்னும் மூன்று பேரும் கடைக்குப் போய்விட்டார்கள். மல்லிகை வாங்க நின்றவர்களை ஒதுக்கிவிட்டுக் கண்ணை மூடிக் கடை வாசலில் ஜெபித்தார்கள். அவன் நம்பரை யாரோ சபையின் பழைய முகவரிப் புத்தகத்திலிருந்து எடுத்து எல்லோருக்கும் அனுப்பினார்கள். தினம் அவனுக்கு மெசேஜ். வளர்த்தவளைச் சாகவிடப் போகிறாயா, நரகத்துக்கு வழி தேடாதே, இன்று உனக்காக உபவாசம். ஒரு அம்மா மாலதியிடமே, உன் புருஷன் மாட்டேன் என்றால் அந்தப் பாவம் உன் வயிற்றுப் பிள்ளைமேல் வரும் என்று சொன்னார். மாலதி அப்போது ஐந்து மாதம் முழுகாமல் இருந்தாள். இதெல்லாம் எனக்குக் குழுவில் செய்தியாக வந்தது. சகோதரிகள் பாரத்தோடு உழைக்கிறார்கள் என்று நானும் கைகூப்பிய பொம்மையைப் போட்டேன்.

அடுத்த வாரம் பார்வையாளர் நேரத்தில் சாம் வந்து கட்டிலுக்குக் கால்மாட்டில் நின்றான். தலை முன்பக்கம் நரைத்திருந்தது. விரல் நுனிகளில் இலைக் கறை.

"எப்பலேருந்து?" என்றான்.

"நாலு மாசமா."

"கடைக்கு வர்றவங்க சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?"

அந்த இடத்திலாவது கேட்டிருக்கலாம். வாய் பழக்கம் விடவில்லை. "ஆண்டவர் உன்கிட்ட பேசியிருக்காரு, அதான் வந்திருக்க," என்றேன்.

"ஆண்டவர் ஒண்ணும் பேசல லா. ரோசலின் ஆன்ட்டிதான் பேசுனாங்க. மூணு தடவ." கழுத்துக் குழாயைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "டெஸ்ட்டுக்கு எங்க போகணும்?"

ரத்த வகை ஒத்தது. அவனுடைய ரத்தத்தையும் என்னுடையதையும் கலந்து, என் உடம்பு அவனுடையதை எதிர்க்கிறதா என்று பார்த்தார்கள். எதிர்க்கவில்லை. என் உடம்பு என்னைவிடப் பெரிய மனதுள்ளது. மூன்று மாதம் ஸ்கேன், சிறுநீர், மனநல மருத்துவர் என்று அவன் கடையை மாலதியிடம் விட்டுவிட்டு அலைந்தான். எல்லாம் நல்லபடியாக வந்தது. ஜெபம் கேட்கப்பட்டது என்று நான் குழுவில் எழுதினேன். சாமுக்கு நன்றி என்று எங்கும் எழுதவில்லை.

கடைசியாக ஒன்று பாக்கி. இங்கே உயிரோடு இருப்பவர் உறுப்பு கொடுப்பதென்றால் மருத்துவமனையில் ஒரு விசாரணைக் குழு இருவரையும் தனித்தனியாக விசாரிக்கும். பணத்துக்காகவோ யாருடைய நெருக்குதலாலோ கொடுக்கிறாரா என்று பார்ப்பார்கள். மூன்று பேர். இருவர் டாக்டர்கள், ஒருவர் வெளியாள். முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். மரியாதையாகப் பேசினார்கள். வெளியாள் கேட்டார், உங்கள் தம்பியை யாராவது வற்புறுத்தினார்களா என்று.

"இல்லை," என்றேன். "எங்கள் குடும்பத்தில் அப்படிப் பழக்கமில்லை."

ஒரு மூச்சில் சொன்னேன். குரல் பிசகவில்லை. அடுத்து சாம் போனான். எனக்குப் பத்து நிமிடம் ஆனது, அவனுக்கு ஒரு மணி நேரம் ஆனது. வெளியே வந்தவன், பூ வரும் நேரம் என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டான்.

நான்கு நாள் கழித்து ஒருங்கிணைப்பாளர் நர்ஸ் போன் செய்தார். தமிழ்ப் பெண்.

"அப்ரூவல் கிடைக்கல மேடம். காரணம் நாங்க சொல்றதில்ல. ரொம்ப சாரி."

காரணம் யாருக்கு வேண்டும்? ஒரு மணி நேரம் உள்ளே உட்கார்ந்து மாட்டேன் என்று சொல்லிவிட்டான். அவனுக்குப் போன்கூடச் செய்யவில்லை நான். குழுவில் எழுதினேன்: "கடைசி நேரத்தில் தம்பி சாம் பின்வாங்கிவிட்டார். அவருடைய ஆத்துமாவுக்காக." நாற்பத்தொரு ஆமென். முதல் குறிப்புக்கு ஆமென் போடாத மூன்று பேரும் இதற்குப் போட்டார்கள். அதற்குப் பிறகு கடை வாசலில் யாரும் ஜெபிக்கவில்லை. மாலதியைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். ஒருவர் கடை முன் துப்பினார் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

ஆறு வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை மதியம், பிடோக் டயாலிசிஸ் நிலையத்துக்குச் சாம் வந்தான். நான் நாற்காலியில் இருந்தேன். கடைசி அரை மணி நேரம். கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிற நேரம் அது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"நான் பின்வாங்குனேன்னு எழுதியிருக்க."

"இல்லையா பின்ன?"

"யாராச்சும் உங்களை ஃபோர்ஸ் பண்ணாங்களான்னு கேட்டாங்க. ஆமான்னேன். ஃபோனைக் காமிக்கிறீங்களான்னாங்க. காமிச்சேன். தமிழ் தெரிஞ்ச ஒருத்தரைக் கூப்பிட்டு உக்கார வச்சு ஒண்ணொண்ணா படிச்சாங்க. அதுக்கப்புறமும் நான் குடுக்கத்தான் வந்திருக்கேன்னு சொன்னேன். மூணு தடவ சொன்னேன் அக்கா. இத்தன பேர் மிரட்டியிருக்காங்க, இது உங்க சொந்த முடிவுன்னு நாங்க எப்படி நம்புறதுன்னுட்டாங்க."

எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வெட்கம் வந்தது என்று எழுத ஆசை. வெட்கம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது ஆத்திரம். கைக்கு எட்டியதைத் தட்டிவிட்டானே என்று.

"ஒரு பொய் சொல்லியிருக்கலாமேடா," என்றேன்.

அவன் என் முகத்தைப் பார்த்தான். "உன்கிட்டயும் அதையேதானே கேட்டாங்க? நீ என்ன சொன்ன?"

நான் எந்திரத்தின் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. கோபப்படவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவன் மாதிரிக் கேட்டான்.

"பொய் சொல்லியிருந்தா உங்க சபையில எனக்கு அப்பம் குடுத்திருப்பீங்களா?"

நர்ஸ் வந்து ஊசிகளை உருவினார். ஊசி எடுத்த இடத்தைப் பத்து நிமிடம் விடாமல் அழுத்தவேண்டும், இல்லையென்றால் ரத்தம் பீறிடும். வழக்கமாக நானே அழுத்துவேன். அன்று வலது கையால் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "சார், நீங்க பிடிக்கிறீங்களா?" என்று நர்ஸ் அவனிடம் கையுறையை நீட்டினார். மாட்டிக்கொண்டு கட்டை விரலால் அழுத்தினான். மாலை கட்டுகிற விரல், பிசகாமல் நின்றது.

அதிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் வருகிறான். மாலை வியாபாரம் தொடங்குமுன் திரும்பிவிடுவான். மாலதிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. என்னைப் பார்க்கக் கூப்பிடவில்லை. மறுபடி விண்ணப்பிக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். அந்த மெசேஜ்கள் கோப்பில் இருக்கின்றன, கஷ்டம் என்றார். மாலதி தேவராஜிடம் ஒரே வாக்கியம் சொல்லியனுப்பினாள்: "இனிமே அவரைக் கேக்காதீங்க." நான் எப்போது கேட்டேன்?

வியாழக்கிழமைப் பாடத்தை நிறுத்திவிட்டேன். ராஜா சொன்னபடி நடக்கிற இடம் ராஜ்யம் என்று அத்தனை வருடம் சொன்னேன் அல்லவா. அந்த விசாரணை அறைக்குள் அது வந்திருக்கிறது. நான் உட்கார்ந்த நாற்காலிக்கு வரவில்லை. எனக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தவனுக்கு வந்தது. அப்பம் கிடையாது என்று நான் கடிதம் எழுதிய ஆளுக்கு. அதனால் எனக்குக் கிடைத்த லாபம் என்ன என்றால், வாரம் மூன்று நாள் இந்த நாற்காலி. ராஜ்யம் வரட்டும் என்று சின்ன வயதிலிருந்து தினமும் கேட்டவள்தான். வந்தபோது என் சிறுநீரகத்தை எடுத்துக்கொண்டு போயிற்று. எனக்கு இன்னும் அதன்மேல் கோபம்தான்.

போன வெள்ளிக்கிழமை, சாம் இடது கையை அழுத்திக்கொண்டிருந்தபோது, வலது கையால் குழுவில் எழுதினேன்:

"சகோதரி எஸ்தருக்காக. தம்பி சாம் பின்வாங்கவில்லை. கொடுக்கத்தான் போனார். நாம் நெருக்கியதால் விசாரணைக் குழு மறுத்தது. யாரும் நெருக்கவில்லை என்று நான் அவர்களிடம் பொய் சொன்னேன். அவர் உண்மையைச் சொன்னார். என் கல்லான மனம் இளகும்படி."

அனுப்பினேன். நீலக் குறிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. எல்லோரும் படித்தார்கள். ரோசலின் மட்டும் தனியாக, "அக்கா, தயவு செய்து அழித்துவிடுங்கள், சபைக்குக் கெட்ட பெயர்" என்று அனுப்பினாள். ஆமென் ஒன்றும் வரவில்லை. இதை எழுதுகிற இன்று வரை வரவில்லை.

"யாருக்கு அக்கா இவ்வளவு நேரமா எழுதுற?" என்றான் சாம்.

போனை அவன் பக்கம் திருப்பினேன். விரலை எடுக்காமல் குனிந்து படித்தான். ஒரு முறை படித்துவிட்டு மேலே போய் மறுபடி படித்தான்.

"நல்லா எழுதியிருக்க அக்கா," என்றான்.

பிறகு கட்டை விரலை எடுத்துப் பார்த்தான். ரத்தம் நின்றிருந்தது. வெள்ளிக்கிழமை, மாலதி பிள்ளையோடு தனியாகக் கடையில் இருப்பாள் என்று கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கிளம்பினான்.